கைப்பழக்கம்

வீணையைத் தொடாமலே ஒருவன் வீணை கற்றுக்கொண்டு வந்துவிட்டான் என்று யாராவது சொன்னால் நாம் சிரிப்போம். உளி பிடித்தறியாத ஸ்தபதி, மண்ணில் கை வைத்தறியாத குயவர் என்றாலும் சிரிப்புத்தான் வரும். ஆனால் எழுத்தை அழகாக அமைப்பதே தொழில் என்று படிக்கப் போகிற பிள்ளைகள் நாலு வருஷம் படித்துப் பட்டமும் வாங்கிக்கொண்டு, ஒரே ஓர் அச்செழுத்தைக்கூடக் கையால் எடுத்துப் பார்க்காமல் வெளியே வந்துவிடலாம். அதைக் கண்டு யாரும் சிரிப்பதில்லை. காலத்துக்கேற்ற படிப்பு என்று பாராட்டக்கூடச் செய்கிறார்கள்.

புத்தகம், பத்திரிகை, மேலட்டை, மருந்துப் புட்டியின்மேல் ஒட்டுகிற சீட்டு, ரயில் நிலையத்துப் பெயர்ப் பலகை, கைபேசித் திரை என்று தமிழ் எழுத்து நம் கண்ணில் படுகிற இடங்கள் எத்தனையோ. அங்கெல்லாம் எழுத்து எப்படி உட்கார வேண்டும் என்று தீர்மானிக்கப் போகிறவர்கள் இந்தப் பிள்ளைகள்தாம். ஆகவே அவர்கள் என்ன கற்கிறார்கள், எப்படிக் கற்கிறார்கள் என்பது கல்லூரி நிர்வாகிகளின் தலைவலி என்று கதை படிக்கிற நாம் ஒதுங்கிவிட முடியாது. நாம் படிப்பதெல்லாம் அவர்கள் கை வழியாகத்தான் நம்மிடம் வந்து சேர்கிறது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிஸைன் படிக்கும் மாணவன் ஒரு பருவமாவது ஈய எழுத்தைக் கையால் கோத்து, மையிட்டு, அச்சிட்டு, மறுபடி பிரித்துப் போட்டுப் பழக வேண்டும். பழமையைப் போற்றுவதற்காக நான் இதைச் சொல்லவில்லை. எழுத்தின் குணத்தையும் குறையையும் தெரிந்துகொள்ள இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரிந்து வேறில்லை.

இந்த விஷயத்தில் இரண்டு தரப்பார் இருக்கிறார்கள். ஒரு தரப்பார், அச்சுக்கூடத்து மை வாசனையை நினைத்தாலே கண் கலங்குகிறவர்கள். கனமான தாளில் எழுத்து பள்ளம் விழும்படி அழுத்திக் கல்யாணப் பத்திரிகை அடித்து, 'லெட்டர்பிரஸ்' என்று பெயர் சொல்லி அதிக விலைக்கு விற்கிற நாகரிகம் ஒன்று இப்போது வந்திருக்கிறதே, அதற்கு இவர்கள் ரசிகர்கள். பழைய அச்சுத் தொழிலாளி ஒருவரிடம் அந்தப் பத்திரிகையைக் காட்டினால், "ஏன் இப்படி அழுத்தி எழுத்தைக் கெடுத்து வெச்சிருக்கான்?" என்றுதான் கேட்பார். தாளின் பின்புறத்தைத் தடவினால் மேடு தட்டக்கூடாது என்பது அவர் படித்த பாடம். அவருடைய தொழிலில் தவறு என்று கருதப்பட்டதை இவர்கள் அழகு என்று விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

மற்றொரு தரப்பார் காரியவாதிகள். கம்ப்யூட்டர் வந்த பிறகு ஈயம் எதற்கு, மாட்டு வண்டி ஓட்டத் தெரியாதவன் மோட்டார் ஓட்டவில்லையா என்பது இவர்கள் வாதம். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கே மாறியிருப்பது வாகனம். அதில் ஏறி வருகிற ஆள் மாறவில்லை. ஈயத்தில் இருந்த 'க'வும் திரையில் தெரிகிற 'க'வும் ஒரே எழுத்துத்தான். அந்த எழுத்தின் சுபாவத்தை எங்கே நன்றாகத் தெரிந்துகொள்ளலாம் என்பதே கேள்வி. இரண்டு தரப்பாரும் இயந்திரத்தைப் பார்க்கிறார்களே தவிர எழுத்தைப் பார்ப்பதில்லை.

எழுத்தைப் பார்ப்போம். தமிழ் அச்சுக்கூடத்தில் 'கேஸ்' என்று சொல்கிற எழுத்துப் பெட்டி சின்னச் சின்ன அறைகளாகத் தடுத்தது. பள்ளிக்கூடத்தில் தமிழுக்கு 247 எழுத்து என்று படித்தோம். பெட்டியின் முன் நிற்கிறவருக்கு அந்தக் கணக்கு உதவாது. உயிர் 12, ஆய்தம் 1, அகரம் ஏறிய மெய் 18, புள்ளி வைத்த மெய் 18. இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் ஏறியவை வரிசைக்குப் பதினெட்டாக 72. கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு என்று தனித்தனியே 4. கூட்டினால் 125. ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ என்ற ஐந்துக்கும் இதேபோல ஆறாறு வடிவம் சேர்த்தால் 155. எண்களும் நிறுத்தக் குறிகளும் இதற்கு மேல். இது குறைந்தபட்சக் கணக்கு. 'கொ' என்ற எழுத்துக்கு இந்தப் பெட்டியில் அறையே கிடையாது. கொம்பு ஓர் அறையில், 'க' ஓர் அறையில், கால் ஓர் அறையில் இருக்கின்றன. மூன்றையும் எடுத்துச் சேர்த்தால்தான் 'கொ'. தமிழ் எழுத்து எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடப் புத்தகம் உண்டா?

அச்சுக்கோப்பவர் இடது கையில் 'ஸ்டிக்' என்கிற கோப்புத் தட்டைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்குகிறார். எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பியிருக்கும். தட்டில் தலைகீழாக நிற்கும். நமக்குப் பழகிப்போன எழுத்து அங்கே அந்நியமாகிவிடுகிறது. 'ப' என்று வாயால் படிக்க முடியாமல், மேலே திறந்த ஒரு கட்டமாக, அதன் மூலைகளாக, அதன் உள்ளே அடைபட்ட வெளியாகக் கண் அதைப் பார்க்கிறது. டிஸைன் ஆசிரியர்கள் மாணவனுக்கு ஊட்ட முயல்கிற பார்வை இதுதான். அதைப் பெட்டி ஒரே காலை நேரத்தில் ஊட்டிவிடும்.

அதைக் காட்டிலும் முக்கியமான பாடம், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளி. திரையில் இடைவெளி என்பது ஒன்றுமில்லாதது. ஒரு விசையைத் தட்டினால் வந்துவிடும். ஈயத்தில் இடைவெளியும் ஒரு பொருள். எழுத்தின் உயரத்துக்குச் சமமான அகலமுள்ள சதுரம் ஒன்று. அதில் பாதி, மூன்றில் ஒன்று, நாலில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்று வெவ்வேறு கனத்தில் துண்டுகள். அவற்றுக்கும் எடை உண்டு, பெட்டியில் அறை உண்டு. ஒரு வரி அகலத்துக்குச் சரியாக வரவில்லையென்றால், எந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எந்தத் துண்டை எடுத்துவிட்டு எதை வைப்பது என்று விரல் தீர்மானிக்க வேண்டும். வரிக்கும் வரிக்கும் நடுவில் ஈயத் தகட்டைச் செருக வேண்டும். கம்ப்யூட்டரில் வரி இடைவெளிக்கு இன்றைக்கும் 'லெட்டிங்' என்றுதான் பெயர். ஈயம் போய்விட்டது, ஈயத்தின் பெயர் மட்டும் நிற்கிறது.

தமிழுக்கு இந்தத் தகடு ரோமன் எழுத்துக்கு வேண்டியதைவிட அதிகமாக வேண்டும். 'தீ' என்றால் மேலே சுழி ஏறுகிறது, 'பூ' என்றால் கீழே வால் இறங்குகிறது. மேல் வரியின் வாலும் கீழ் வரியின் சுழியும் முட்டிக்கொள்ளாமல் இருக்க இடம் விட வேண்டும். ஈயத்தில் ஒரு துண்டு இருக்கிற இடத்தில் இன்னொரு துண்டு இருக்க முடியாது. முட்டிக்கொள்வது என்ற பேச்சுக்கே இடமில்லை. திரையிலோ, ஒன்றின்மேல் ஒன்றாக நாலு வரியை ஏற்றினாலும் இயந்திரம் முணுமுணுக்காது. மறுத்துச் சொல்லாத ஆசிரியரிடம் மாணவன் என்ன கற்றுக்கொள்ள முடியும்? ஈயம் 'முடியாது' என்று சொல்லும். அது நல்ல ஆசிரியரின் லட்சணம்.

இன்னொன்று. 'கெ' என்று கோக்கும்போது கை முதலில் கொம்பை எடுக்கிறது, பிறகுதான் 'க'வை எடுக்கிறது. கம்ப்யூட்டர்கள் இன்று பின்பற்றுகிற யூனிகோடு முறையிலோ 'க' முதலில் பதிவாகிறது, கொம்பு அதற்குப் பிறகு. திரையில் காட்டும்போது மட்டும் கொம்பை இடப்பக்கம் கொண்டுபோய் வைக்கிறார்கள். ஒன்று கண்ணின் வரிசை, மற்றது வாயின் வரிசை. இரண்டுமே நியாயமானவைதான். ஆனால் இப்படி இரண்டு வரிசை உண்டு என்பதே கையால் கோத்துப் பார்க்காத மாணவனுக்குத் தெரிவதில்லை.

தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு என் சொந்த அனுபவம் ஒன்று. வருஷங்களுக்கு முன்பு என் நாவல் ஒன்று கம்ப்யூட்டரில் கோக்கப்பட்டு வெளிவந்தது. பிரசுரம் செய்தவர் யார் என்பது இங்கே வேண்டாம். ஒரு பக்கத்தில் வரியின் கடைசியில் ஒற்றைக் கொம்பு மட்டும் தனியே நின்றது. அடுத்த வரி 'காடி' என்று தொடங்கியது. அது 'கொடி' என்ற சொல். கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர், "பந்தலில் காடி படர்ந்திருந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அது என்ன தாவரம்?" என்று மரியாதையாகக் கேட்டுக் கடிதம் எழுதியிருந்தார். கொம்பையும் எழுத்தையும் வரி கடந்து பிரிக்கலாகாது என்பது பெட்டி முன் நின்று பழகியவருக்கு முதல் வாரப் பாடம். அன்று அந்தப் பக்கத்தை அமைத்தவருக்கு அது பிழை என்றே தோன்றவில்லை. இயந்திரம் இடம் பார்த்து ஒடித்தது, அவர் விட்டுவிட்டார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கு யாரும் அந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

இதுவரை ஈயத்தைப் பற்றிச் சொன்னேன். ஆனால் கருவியைக் கையில் பிடித்தவனுக்கே எழுத்தின் குறை தெரியும் என்பதற்குத் தமிழில் ஈயத்துக்கும் அப்பாற்பட்ட சாட்சி இருக்கிறது. அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரையில், திருமானூருக்குப் பக்கத்தில் ஏலாக்குறிச்சி என்று ஓர் ஊர். அடைக்கல மாதா கோவிலால் பெயர் பெற்றது. இத்தாலியில் 1680-ல் பிறந்து தமிழ்நாட்டுக்கு வந்து, வீரமாமுனிவர் என்று நாம் அழைக்கிற பெஸ்கி பாதிரியார் இந்த ஊரில் இருந்துதான் தமிழ்ப் பணி செய்தார். திருக்காவலூர் என்று பெயரிட்டு இந்த ஊர்மேல் கலம்பகமும் பாடினார். தேம்பாவணி பாடியவர், சதுரகராதி என்ற அகராதியைத் தொகுத்தவர் என்று அவரை அறிந்த அளவுக்கு, எழுத்தைத் திருத்தியவர் என்று நாம் அறிந்திருக்கவில்லை.

சென்ற ஆண்டு அங்கே போயிருந்தபோது, வெளியூரில் டிஸைன் படிக்கிற என் நண்பரின் மகளும் எங்களோடு வந்திருந்தாள். ஓலைச் சுவடியில் புள்ளி வைக்கும் வழக்கம் இல்லை என்று பேச்சு வந்தது.

"புள்ளியே வைக்காம எப்படி மாமா படிச்சாங்க? க எது, க் எதுன்னு குழப்பமா இருக்காதா?" என்று கேட்டாள்.

"நீயே வெச்சுப் பாரேன்" என்றேன்.

பனை ஓலைத் துண்டு ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு, பையிலிருந்த கவராயத்தின் முனையால் தன் பெயரைக் கீறினாள். நேர்கோடு இழுத்த இடத்தில் ஓலை நார் வழியே கீறிக்கொண்டு போயிற்று. வளைத்துச் சுழித்த இடத்தில் தாங்கியது. பிறகு புள்ளி வைத்தாள். முனை பொத்துக்கொண்டு மறுபக்கம் வந்தது. ஓலையைத் திருப்பிப் பார்த்தாள்.

"மாமா, பின்பக்கமும் புள்ளி விழுந்துடுச்சு. சுவடியில ரெண்டு பக்கமும் எழுதுவாங்கதானே? அப்ப இந்தப் பக்கத்துப் புள்ளி அந்தப் பக்கத்து எழுத்தோட சேர்ந்துக்குமே!"

ஓலையில் புள்ளி பொத்துவிடும் என்பதை அவளுக்கு வகுப்பிலே சொல்லாமல் இருந்திருக்க மாட்டார்கள். காதில் கேட்டது தங்கவில்லை. விரலில் பட்டது தங்கிவிட்டது. அதோடு, எந்தப் புத்தகத்திலும் நான் படித்திராத ஒரு நியாயத்தை, மறுபக்கத்து எழுத்தின் நியாயத்தை, அவள் ஐந்து நிமிஷத்தில் தானே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டாள்.

வீரமாமுனிவர் எதிர்கொண்ட சங்கடம் இதோடு சேர்ந்தது. எகர, ஒகரக் குறில்களுக்குப் புள்ளி வைக்க வேண்டும் என்பது பழைய இலக்கண விதி. ஓலையில் புள்ளி விழாததால் குறிலும் நெடிலும் ஒரே வடிவாக நின்றன. எரியா ஏரியா, கொடுவா கோடுவா, பெறுவா பேறுவா என்று இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டும். தமிழைப் பாலோடு பருகியவனுக்கு அது சங்கடமாகத் தோன்றவில்லை. வளர்ந்தபின் கற்ற அந்நியருக்குத் தோன்றியது. நெடிலுக்குக் கொம்பின் தலையைச் சுழித்து எழுதுவது என்ற மாற்றம் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. இன்று நாம் 'கே' என்றும் 'கோ' என்றும் சந்தேகமில்லாமல் படிப்பது இந்த மாற்றத்தால்தான்.

அவர் புள்ளியை மீட்க முயலாமல் சுழியைத் தேர்ந்தெடுத்ததை நான் பெரிதாக நினைக்கிறேன். குத்தினால் பொத்துக்கொள்கிற ஓலை, சுழித்தால் தாங்கிக்கொள்கிறது. எழுத்தாணியைப் பிடித்து ஆயிரக்கணக்கான வரிகள் எழுதிய கைக்குத்தான் இது தோன்றும் என்பது என் அபிப்பிராயம். நாற்காலியில் உட்கார்ந்து, எழுத்தைத் தூரத்திலிருந்து பார்த்துத் திருத்தம் சொல்கிற பண்டிதர் விதியை நினைவூட்டிப் புள்ளி வை என்று சொல்லியிருப்பார். ஓலை அவர் சொல்லைக் கேட்டிருக்காது.

ஓலையிலிருந்து உலோகத்துக்கு வந்தபோதும் இதே கதை வேறு உருவில் நடந்தது. 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்ற சிறு புத்தகம் ஓலை வழக்கத்தை ஒட்டிப் புள்ளியில்லாமல்தான் வந்தது. உலோகம் பொத்துக்கொள்ளாது என்பது அச்சுக்காரருக்கு உறைக்கவும், புள்ளி தன் இடத்துக்குத் திரும்பவும் காலம் பிடித்தது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு பாதிரியார் அச்சுக்கூடம் வைத்தபோது, தமிழ் எழுத்துகளை ஜெர்மனியில் ஹாலே நகரில் வார்த்து அனுப்பினார்கள். 1713-ல் அவை வந்து சேர்ந்தன. எழுத்து பெரிதாக இருந்தது. புதிய ஏற்பாட்டை அதில் அச்சிட்டால் காகிதம் போதாது. பக்கத்தில் பொறையாற்றில் பட்டறை வைத்துச் சிறிய எழுத்து வார்த்தார்கள். பாலாடைக்கட்டி பொதிந்து வந்த ஈயத்தை உருக்கினார்கள் என்றுகூடச் சொல்வதுண்டு. 1715-ல் புதிய ஏற்பாடு முடிந்தது. ஹாலேயில் படம் பார்த்து வெட்டிய கைக்கும், தமிழ் வாசகன் பக்கத்திலேயே இருக்க அவன் கண்ணுக்கென்று வெட்டிய கைக்கும் உள்ள வித்தியாசம் இதில் இருக்கிறது. இதே தரங்கம்பாடி அச்சுக்கூடம்தான், தன்னோடு சமயவாதம் செய்துகொண்டிருந்த வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738-ல் லத்தீனில் அச்சிட்டது. சண்டை சமயத்தில் இருந்தது. எழுத்து விஷயத்தில் இருவருமே தொழிலாளிகள்.

இருநூறு ஆண்டு தாண்டி வருவோம். 1935-ல் பெரியார் தம் 'குடி அரசு' பத்திரிகையில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கையாண்டார். ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார வரிசை, ணை, லை, ளை, னை ஆகிய 13 எழுத்துகளின் பழைய வடிவங்களை விட்டுவிட்டு, மற்ற எழுத்துகளுக்குப் போடுகிற காலையும் கொம்பையுமே இவற்றுக்கும் போட்டார். கற்பதற்கும் அச்சுக்கும் தட்டெழுத்துக்கும் எளிது என்பது அவர் வாதம். 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு அதை ஏற்று ஆணையிட்டது. அவருடைய மற்றக் கருத்துகளை ஏற்கிறவரும் மறுக்கிறவரும் இன்று அந்த எழுத்தில்தான் எழுதுகிறோம். நம் பெட்டிக் கணக்கில் இதைப் போட்டுப் பார்த்தால் ஏழு அறைகள் மிச்சமாகின்றன. பதின்மூன்று எழுத்து மாறியது, ஆனால் எடுபட்டது ஏழு அச்சுத்தான். ஏனென்றால் ஒகர ஓகார வரிசைக்கு ஆகார அச்சே உதவிக்கொண்டிருந்தது. பத்திரிகை நடத்தி, அச்சுக்கூடத்தோடு மல்லுக்கட்டிய ஒருவர் இந்தச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தது தற்செயல் அல்ல என்றே எனக்குப் படுகிறது.

ஆகவே, கையால் கோக்கிறவன் வெறும் பழைய வழியைக் காப்பாற்றுகிறவன் என்பது சரியல்ல. தமிழ் எழுத்தில் நிலைத்து நின்ற மாற்றங்களைக் கருவியோடு பழகியவர்களே செய்திருக்கிறார்கள். மேல்நாட்டிலும் அப்படித்தான். 1919-ல் ஜெர்மனியில் தொடங்கிய பௌஹௌஸ் பள்ளியை நவீன டிஸைனின் தாய்வீடு என்று சொல்வார்கள். அது 1925-ல் டெஸ்ஸௌ நகருக்கு மாறியபோது, ஹெர்பர்ட் பயர் என்பவர் பொறுப்பில் அச்சுப் பட்டறை நடத்தியது. அலங்கார எழுத்தை வேண்டாம் என்று தள்ளிய, பெரிய எழுத்துகளே வேண்டாம் என்று துணிந்த புரட்சிக்காரர்கள் அவர்கள். பழமை மோகம் அவர்களுக்குத் துளியும் இல்லை. ஆனாலும் ஈயப் பெட்டி முன்னால் நின்றுதான் தங்கள் புரட்சியைச் செய்தார்கள். இங்கிலாந்தில் ரீடிங் பல்கலைக்கழகத்தில் எழுத்தமைப்புக்கென்று உள்ள துறையில், ஆராய்ச்சிக்குப் பக்கத்திலேயே அச்சு இயந்திரங்களும் இருக்கின்றன.

காந்தியடிகள் 1904-ல் டர்பனுக்கு அருகே ஃபீனிக்ஸ் குடியிருப்பை அமைத்து, 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையை அங்கே கொண்டுபோனபோது, குடியிருப்பவர் எல்லோரும் அச்சுக்கோக்கக் கற்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். அதில் தாம் கடைசிவரை மந்தமாகவே இருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். ஒரு காலத்தில் தமிழ்ப் பகுதியும் வந்த பத்திரிகை அது. கையில் திறமை வராவிட்டாலும் கற்றது வீணில்லை என்பதற்கு அவரைவிட நல்ல மாணவர் வேண்டாம்.

கதை எழுதுகிறவர்களிலும் இந்தப் பள்ளியில் படித்தவர்கள் உண்டு. விந்தன் அச்சுக்கோப்பவராக இருந்து எழுத்தாளரானவர். ஜெயகாந்தனும் இளமையில் அச்சகத்தில் வேலை பார்த்தவர். வர்ஜீனியா உல்ஃப் 1917-ல் கணவரோடு சேர்ந்து சிறிய கை அச்சு இயந்திரம் ஒன்றை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, தாமே எழுத்துக் கோத்தார். எலியட்டின் 'தி வேஸ்ட் லாண்ட்' காவியத்தை 1923-ல் வெளியிட்டபோது அதையும் கோத்தது அவர் கைதான். இவர்கள் நடையின் சிறப்புக்கு ஈயமே காரணம் என்று நான் சாதிக்க மாட்டேன். எத்தனையோ பேர் ஆயுள் முழுவதும் அச்சுக்கோத்திருக்கிறார்கள். எல்லோரும் விந்தன் ஆகவில்லை. கருவி மேதையை உண்டாக்காது. சொல்லுக்கு இடம் வேண்டும், இடத்துக்கு விலை உண்டு என்ற உணர்ச்சியை மட்டும் அது உண்டாக்கும். எழுதுகிறவனுக்கும் பக்கம் அமைக்கிறவனுக்கும் அந்த உணர்ச்சி போதுமான மூலதனம்.

இத்தனையும் சொல்லிவிட்டு, அச்சுக்கூடத்தை ஆசிரமம்போல வர்ணித்துவிட்டுப் போகவும் எனக்கு மனம் வரவில்லை. ஈயம் விஷம். அச்செழுத்தை ஈயத்தோடு ஆண்டிமனியும் வெள்ளீயமும் கலந்து வார்ப்பார்கள். ஈயம் நகத்துக்கடியில் புகுந்து, சோற்றோடு வயிற்றுக்குள் போகும். மங்கிய விளக்கில் சின்ன எழுத்தைப் பார்த்துக் கண் கெட்டவர்களும், குறைந்த சம்பளத்துக்கு நாள் முழுவதும் நின்று கால் வீங்கினவர்களும் ஊருக்கு ஊர் இருந்தார்கள். அந்த வாழ்க்கை திரும்பி வர வேண்டும் என்று கேட்கிறவன் மனிதாபிமானம் இல்லாதவன். வயிற்றுப் பிழைப்புக்காக முப்பது வருஷம் செய்கிற வேலை வேறு. படிப்புக்காக ஒரு பருவம் பழகுகிற வேலை வேறு. மாணவர்கள் காற்றோட்டமான அறையில் நிற்கட்டும், பெட்டி முன்னால் எதையும் தின்னாமல் இருக்கட்டும், சோப்பு போட்டுக் கை கழுவட்டும்.

செலவைப் பற்றிச் சொல்வார்கள். மிதி இயந்திரங்களைக் கிலோ கணக்கில் பழைய இரும்புக்குப் போட்ட நாடு இது; எழுத்தை உருக்கி விற்ற நாடு. இருந்தாலும் ஒரு கல்லூரிக்குப் பெரிய அச்சுக்கூடம் வேண்டியதில்லை. ஓர் அளவில் இரண்டு பெட்டி தமிழ் எழுத்து, சில கோப்புத் தட்டுகள், மெய்ப்புப் பார்க்க ஒரு சிறிய கை இயந்திரம் போதும். ஊரில் இன்னும் கை ஓடுகிற முதிய அச்சுத் தொழிலாளி ஒருவரைத் தேடிப் பிடித்து, ஆசிரியருக்குரிய சம்பளமும் நாற்காலியும் கொடுத்து உட்கார வைக்க வேண்டும். இயந்திரத்தைக் காட்டிலும் கிடைப்பதற்கு அரியவர் அவர்தான். இயந்திரம் துருப்பிடித்தாலும் எண்ணெய் போட்டு ஓட்டலாம். அவர் போய்விட்டால், அவர் விரலில் உள்ள படிப்பை எந்த எண்ணெயாலும் மீட்க முடியாது.

மாணவனுக்கு வேலையும் எளியதுதான். இருபது வரி தமிழ் உரைநடை. தானே கோக்க வேண்டும், தானே மெய்ப்பு எடுக்க வேண்டும், பிழையைத் தானே கண்டுபிடித்துக் குறட்டால் எழுத்தைப் பிடுங்கி மாற்ற வேண்டும். ஓர் எழுத்து மாறினால் வரி முழுவதும் ஆடிப்போவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு அதே இருபது வரியைக் கம்ப்யூட்டரில் அமைக்கட்டும். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து, எங்கே எழுத்து நெருங்கியது, எங்கே மூச்சு விட்டது என்று பார்க்கட்டும். எழுத்தை ரப்பர்போல இழுத்து மேலட்டைக்குப் பொருத்துகிற கையும், தமிழ் மரபில் இல்லாத சாய்வெழுத்தை இயந்திரத்தைக் கொண்டு சாய்த்துப் போடுகிற கையும், அதற்குப் பிறகு கொஞ்சம் தயங்கும். அந்தத் தயக்கத்துக்குத்தான் நான் ரசனை என்று பெயர் சொல்வேன்.

அச்சிட்ட பிறகு எழுத்துகளைப் பிரித்துப் போடுகிற வேலை மிச்சம் இருக்கிறது. மையைத் துடைத்து, ஒவ்வோர் எழுத்தையும் அதன் அறையில் திரும்பப் போட வேண்டும். அலுப்பான வேலை, எல்லோரும் தட்டிக் கழிக்கப் பார்ப்பார்கள். தட்டிக் கழிக்க விடக்கூடாது. 'ண' அறையில் 'ன' விழுந்தால், அடுத்து வருகிறவனுடைய வரி கெடும். தான் எழுதிய வரியைத் தானே கலைத்து, முன்பின் தெரியாத ஒருவனுக்காக எழுத்தைச் சுத்தமாக அடுக்கி வைத்துவிட்டுப் போகிற பழக்கத்தைத் திரைமேல் இருக்கிற எந்தப் பாடமும் சொல்லிக் கொடுப்பதாகத் தெரியவில்லை. பாடத்திட்டம் வகுக்கிறவர்கள் இதை யோசித்துப் பார்க்கட்டும்.